மீதி வரவில்லை

போன வாரம் உங்களில் ஒருவர் மடிக்கணினியை என் பக்கம் திருப்பி, "மேடம், இது யார் எழுதினது?" என்று கேட்டார். தரவுத்தளத்தோடு பேசும் நம் கிளையண்ட் நிரலில் பிழைச் செய்திகள் எல்லாம் ஆங்கிலத்தில் வரிசைகட்டி நிற்க, நடுவில் ஒன்று மட்டும் தமிழில் இருந்தது: "மீதி வரவில்லை." அவர் சிரித்துக்கொண்டேதான் கேட்டார். நானும் சிரித்துக்கொண்டே, நான்தான் என்றேன். ஏன் தமிழில் என்றதற்குத் தேநீர் ஆறுகிறது என்று எழுந்துபோய்விட்டேன்.

இந்த மாதத்தோடு விருப்ப ஓய்வில் போகிறேன். போகிறவள் பதிலை வைத்துவிட்டுப் போவதுதான் மரியாதை.

எழுபதுகளின் கடைசியில் தென்காசித் தட்டச்சுப் பள்ளி ஒன்றில், பக்கத்து இயந்திரத்தில் உட்கார்ந்திருந்தவள் செண்பகம். தமிழ்த் தட்டச்சு இயந்திரத்தில் ஒரு வழக்கம் உண்டு. 'க்' வேண்டுமென்றால் முதலில் புள்ளியை அடிக்க வேண்டும். புள்ளி தாளில் விழும், ஆனால் தாளைச் சுமக்கும் வண்டி நகராது. நின்ற இடத்திலேயே நிற்கும். பிறகு 'க' அடித்தால் எழுத்து வந்து புள்ளிக்குக் கீழே உட்காரும். அதன் பிறகே வண்டி ஓரடி நகரும்.

"பாத்தியாட்டி கோமு, இரும்புக்குக்கூட காத்துக்கிடக்கத் தெரியுது. எங்க அண்ணனுக்குத்தான் தெரிய மாட்டேங்கு" என்பாள்.

அண்ணனுக்குச் சிவகிரியில் உரக்கடை. அப்பா இல்லாத வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம். கெட்ட மனுசர் இல்லை. தங்கையைக் கணக்கில் பி.எஸ்ஸி. படிக்க வைத்தவர் அவர்தான். ஆனால் எந்தச் செய்தியும் அவர் காதில் முழுதாக இறங்காது. முதல் வார்த்தையிலேயே செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்.

நான் சென்னைக்குப் போய், துளையிட்ட அட்டைகளோடு சில வருடம் மல்லுக்கட்டி, கணினி கற்று, வீட்டு நிலைமையால் ஊர் திரும்பியபோது எண்பதுகள் முடியப்போகிற நேரம். தென்காசிக் கோபுரத்தைப் புதிதாகக் கட்டிக்கொண்டிருந்தார்கள். எங்கே நின்று பார்த்தாலும் வானத்தில் பாதிக் கோபுரமும் சாரமரமும் தெரியும். இலஞ்சிக்குப் போகிற வழியில் ஓர் அறக்கட்டளை மருத்துவமனை. யாரோ ஒரு புண்ணியவான் அதற்கு இரண்டு கணினிகள் வாங்கிக் கொடுத்திருந்தார். பதிவறையில் ஒன்று, நோயாளிகளின் விவரமெல்லாம் அதற்குள். நீண்ட தாழ்வாரத்தின் மறுகோடியில், சீட்டுக் கொடுக்கும் கவுண்ட்டரில் இன்னொன்று. உத்திரத்தில் ஆணியடித்து இழுத்த ஒரு கேபிள் இரண்டையும் சேர்த்தது. கவுண்ட்டர் கேட்கும், பதிவறை கொடுக்கும். கவுண்ட்டரில் திருத்தினால் திருத்தம் திரும்பிப் போய் உட்காரும். நீங்கள் இன்று சர்வர், கிளையண்ட் என்பதெல்லாம் எனக்கு அந்தத் தாழ்வாரத்தின் இரண்டு கோடிகள்தான். இடையில் மழைச்சாரல் அடிக்கும்.

திரையில் தமிழ் காட்ட ஒரு கார்டு செருகியிருந்தார்கள். கேபிளில் போய்வரும் நிரல் சென்னையிலிருந்து இயந்திரத்தோடு வந்தது, ஆங்கிலத்துக்காக எழுதியது. அதைப் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கு. பெயர்களை உள்ளிடும் வேலைக்கு ஆள் வேண்டும் என்றார்கள். செண்பகத்தைச் சொன்னேன்.

அண்ணன் வந்தார். மேலாளர் அறையில், எல்லோர் முன்னாலும், தங்கையைப் பார்த்து, "வேலைக்கு விடுதேன். ஆனா ஒம் மேல ஒரு சொல்லு வந்துச்சுன்னு வையி, அன்னைக்கே பெட்டியக் கட்டிரணும்" என்றார். மேலாளர், "அப்பிடித்தான் தம்பி இருக்கணும்" என்று தலையாட்டினார்.

இலஞ்சியில் சித்தி வீட்டில் தங்கி, வயல்வரப்பு வழியாக நடந்து வருவாள். பெயர்களை அடித்து முடித்த பின் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நிற்பாள். "இந்த வரி என்ன சொல்லுது? இது ஏன் திரும்பத் திரும்பச் சுத்துது?" ஒன்றிரண்டு மாதத்தில் என் நிரலில் தப்புக் கண்டுபிடிக்க ஆரம்பித்துவிட்டாள். அவளுக்கு அந்த வேலை சம்பளம் மட்டும் இல்லை. உரக்கடைக் கல்லாவுக்கும், யாரோ பார்த்து வைக்கப்போகிற மாப்பிள்ளைக்கும் நடுவில் அவளுக்கென்று இருந்த ஒரே அறை அது. ஒரு சொல் போதும், அந்த அறை போய்விடும். இது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். அதைப் பற்றி நாங்கள் பேசியதே இல்லை.

ஆனி பிறந்து சாரல் இறங்கியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் குற்றாலத்துக்குப் போனோம். பேரருவியில் பெண்கள் பக்கம் சரியான கூட்டம். வரிசையில் நிறுத்தி, ஒரு கூட்டத்தை உள்ளே விட்டு, கயிற்றைக் குறுக்கே போட்டுவிடுவார்கள். குளித்தவர்கள் வெளியே வந்த பின் அடுத்த கூட்டம். அன்று எங்களுக்கு முன்னால் ஒரு தாய் உள்ளே போக, அவள் முந்தானையைப் பிடித்திருந்த பிள்ளைக்கு முன்னால் கயிறு விழுந்தது. பிள்ளை கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று வீறிட்டது. தாய் அருவிச் சத்தத்தில் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். காவலுக்கு நின்ற அம்மாவுக்கு அவர் எண்ணிய கணக்கு சரியாக இருந்தது, அசையவில்லை.

செண்பகம் அங்கிருந்தே கத்தினாள். "யக்கா! தலைய மட்டும் எண்ணுதியளே, யாரு கைய யாரு பிடிச்சிருக்கான்னு பாக்க மாட்டியளா? அந்தத் தாய இந்தப் பக்கம் நிறுத்துங்க. அடுத்த கூட்டத்தோட ரெண்டு பேரும் சேந்து போகட்டும்."

"நீ வேணா வந்து கயித்தப் பிடியேன்" என்றார் அந்த அம்மா. ஆனாலும் தாயைத் திரும்ப அழைத்துப் பிள்ளையோடு நிறுத்தினார். ஈரத் தலையோடு பஸ்ஸில் திரும்பும்போது செண்பகம் அவரைப் போலவே நடித்துக்காட்டி என்னைச் சிரிக்கவைத்தாள். சிரித்ததில் என் பின்னல் அவிழ்ந்துபோனது. இப்போதும் அந்த ஈர வாடை வரும். எங்கிருந்து வருகிறது என்று தெரியாது.

அந்த வாரத்திலேயே அது நடந்தது.

இலத்தூரிலிருந்து சொர்ணம் என்ற அம்மாவை மூச்சுத் திணறலோடு கொண்டுவந்தார்கள். கவுண்ட்டரில் பெயரைத் தேடினார்கள். அப்படி ஒரு பெயரே இல்லை என்றது கணினி. புதுச்சீட்டுப் போட்டு உள்ளே அனுப்பினார்கள். ஊசியை ஏற்றிக்கொண்டிருந்த நர்ஸ், வழக்கமாகக் கேட்பதுபோல, "எதுவும் ஒத்துக்காதா?" என்று கேட்க, கூட வந்த மகள், "போன வருசம் இங்கனதான் ஊசி போட்டு அம்மைக்கு மூச்சே நின்னுபோச்சு. எழுதி வச்சிருக்கோம்னு சொன்னாவளே!" என்றாள். நர்ஸ் ஊசியைக் கீழே வைத்தார்.

எழுதித்தான் வைத்திருந்தோம். தேடிப் பார்த்தபோது, அந்த எச்சரிக்கை 'சர்ணம்' என்ற பெயருக்குக் கீழே பத்திரமாக இருந்தது.

மேலாளர் பதிவறைக்குள் வந்தபோது முகம் வெளுத்திருந்தது. கோபம் பாதி, பயம் பாதி.

"ஏம்மா, சொர்ணத்துக்கும் சர்ணத்துக்கும் வித்தியாசம் தெரியாதா ஒனக்கு? ஒரு உசுரு போயிருக்கும்."

"அண்ணாச்சி, நான் சொர்ணம்னுதான் அடிச்சேன். அது வந்து—"

"வந்தும் இல்ல, போயும் இல்ல. திரையில என்ன இருக்கு? அத வாசி."

அவள் வாசிக்கவில்லை. நாற்காலியைத் திருப்பி என்னைப் பார்த்தாள்.

தேடத் தேட இன்னும் சில பெயர்கள் அகப்பட்டன. ஒன்றில் கால் இல்லை, ஒன்றில் புள்ளி இல்லை. எல்லாப் பெயரும் கெட்டிருந்தால் இயந்திரத்தைச் சந்தேகித்திருப்பார்கள். அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கெட்டிருந்ததால் அடித்த கையின் மேல் பழி விழுந்தது. "அஜாக்கிரதை. வேறென்ன?" என்றார் மேலாளர். "நாளைக்கு அறக்கட்டளையிலேருந்து வாராங்க. அதுக்குள்ள எல்லாத்தையும் உக்காந்து திருத்தட்டும்."

இந்த இடத்தில்தான் நீங்கள் கொஞ்சம் நிற்க வேண்டும். திருத்தச் சொன்னது நியாயமாகவே தோன்றும். ஆனால் காரணம் தெரியாமல் திருத்துவது, குற்றத்தை அவள் ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். தவிர, எங்கிருந்து கெடுகிறது என்று தெரியாதபோது, கெட்டது திரும்ப எழுதப்படும் வாசலைத்தான் முதலில் மூட வேண்டும். படித்ததில் பிழை இருந்தால் திரையில் ஒரு நிமிடம் அசிங்கம். அதையே சேமித்துவிட்டால் அதுதான் உண்மையாகிவிடும்.

"அண்ணாச்சி, மத்தியானம் வரைக்கும் எனக்கு நேரம் குடுங்க" என்றேன். கவுண்ட்டருக்கு ஓடினேன். அங்கே சீட்டுக் கொடுக்கிற பரமசிவம் அண்ணன். சீசன் காய்ச்சல்காரர்கள் வாசல்வரை நின்றார்கள்.

"அண்ணே, இந்த மெசின் இனிமே பாக்க மட்டும் செய்யும். எழுதாது. மாத்தம் இருந்தா துண்டுச் சீட்டுல எழுதி வைங்க."

"ஏ கோமதி, கூட்டத்தப் பாத்தியா? நீ பூட்டுதேன்னு சொல்லுத. வெறுமனே பாத்துக்கிட்டு மட்டும் இருக்கதுக்கு நான் ஒருத்தன் இங்கன போதாதா? அதுக்கு ஒரு மெசினு வேறயா?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் முணுமுணுத்துக்கொண்டே பேனாவைத் திறந்தார்.

செண்பகம் பதிவறையில் 'சர்ணம்' என்பதைச் 'சொர்ணம்' என்று திருத்தினாள். அவள் திரையில் சொர்ணம். நான் கவுண்ட்டரில் திறந்தேன்: சர்ணம். அடுத்த பெயரைத் திறந்தேன், சரியாக இருந்தது. அதற்கடுத்ததும் சரி. தாழ்வாரத்தின் இந்தக் கோடியிலிருந்து கத்தினேன்.

"செம்பகம்! அந்தம்மா முகவரிக்குப் பின்னால ஒரு இடம் விட்டுச் சேமி!"

"எதுக்குட்டி?"

"சொன்னதச் செய்யேன்!"

முகவரிக்கு அடுத்துத்தான் பெயர் வரும். சேமித்தாள். திறந்தேன். சொர்ணம்! ஓர் எழுத்தைக்கூட யாரும் தொடவில்லை. வெற்றிடம் ஒன்று சேர்த்ததும் பெயர் குணமாகிவிட்டது.

"இப்போ அந்த இடத்த எடுத்துரு. முகவரி வாலுலேருந்து இன்னும் ரெண்டு குறை!"

திறந்தேன். 'சொரணம்.' இந்தத் தடவை புள்ளி போயிருந்தது.

அடித்தவள் தப்பு என்றால் தப்பு அந்த எழுத்தோடேயே ஒட்டிக்கிடக்கும். இது அப்படி இல்லை. வெட்டு ஓர் இடத்தில் நிலையாக நிற்கிறது. வரிசை நகர நகர, அந்த இடத்துக்கு யார் வருகிறார்களோ அவர்கள் வெட்டுப்படுகிறார்கள். நான் எதுவும் சொல்லுமுன் செண்பகம் தாழ்வாரத்தில் ஓடிவந்துகொண்டிருந்தாள், முந்தானை தோளிலிருந்து சரிய.

"கயிறு! ஏட்டி கோமு, அது அந்தக் கயிறுட்டி! தலைய மட்டும் எண்ணுது!"

அவ்வளவுதான். கேபிள் வழியாக விவரம் நூற்றிருபத்தெட்டு பைட் கொண்ட துண்டு துண்டாக வந்தது. ஆங்கிலத்தில் ஓர் எழுத்துக்கு ஒரு பைட். எங்கே வெட்டினாலும் யாருக்கும் வலிக்காது. எங்கள் தமிழில் 'சொ' என்பது 'ச' ஒன்று, அதன் குறி ஒன்று. 'ச' ஒரு துண்டின் கடைசியிலும் குறி அடுத்த துண்டின் முதலிலும் வந்தால், சென்னை நிரல் ஒவ்வொரு துண்டையும் தனித்தனியாகத் திரை எழுத்தாக மாற்றும். தாய் போய்விடுவாள். தனியாக வந்த குறிக்கு யாருமில்லை என்று அதைத் தூக்கி எறிந்துவிடும். பிறகு கவுண்ட்டரில் வார்டு எண்ணை மாற்றிச் சேமித்தால் போதும். அந்தக் குறைப்பெயர் கேபிள் வழியாகத் திரும்பிப் போய், நல்ல பெயரின் மேல் உட்கார்ந்துகொள்ளும்.

தீர்வும் அருவியில் அவள் கத்தியதுதான். துண்டின் கடைசியில் குறி ஏற்கக்கூடிய ஓர் எழுத்து நின்றால் அதை உடனே மாற்றாதே, நிறுத்திவை. அடுத்த துண்டின் முதல் பைட்டைப் பார். குறி வந்தால் சேர்த்து அனுப்பு. வேறு எழுத்து வந்தால் இது முடிந்த எழுத்து, போகட்டும். 'ச' முழுமையா அரைகுறையா என்பது 'ச'வைப் பார்த்தால் தெரியாது. அடுத்தது வந்தால்தான் தெரியும். உங்கள் யூனிக்கோடில் முதல் பைட்டே இன்னும் எத்தனை வரவேண்டும் என்று சொல்லிவிடுகிறது. பாக்கியசாலிகள் நீங்கள். ஆனால் அது முடிந்த பிறகும் ஒரு கொம்போ புள்ளியோ பின்னால் வந்துகொண்டிருக்கலாம். பெயர், முகவரி என்று ஒரு புலத்தின் நீளத்தைப் பைட்டில் எண்ணி வெட்டும் ஒவ்வொரு முறையும், யார் கையை யார் பிடித்திருக்கிறார்கள் என்று பாருங்கள்.

நான் அடிக்க, அவள் பின்னால் நின்று வரி வரியாக வாசித்தாள். மத்தியானத்துக்குள் முடிந்தது. அவள் சாட்சியாக, மேலாளர் முன்னால் சொர்ணத்தை முன்னும் பின்னும் நகர்த்தி எல்லா இடத்திலும் வெட்டிக் காட்டினோம். பெயர் அசையவில்லை.

மேலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரிம்மா, மெசின் கோளாறுதான்."

"காலையில நான் சொல்ல வந்தத நீங்க முழுசா கேக்கல, அண்ணாச்சி."

"இப்போ சொல்லு."

"வேண்டாம். அத மெசினே சொல்லிட்டு" என்றாள். சிரிப்பு முகம் முழுக்க. அப்படி ஓர் அழகை அவளிடம் அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

மேலாளர் சிரிக்கவில்லை. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "காலையிலயே ஒங்க அண்ணனுக்கு போன் போட்டுட்டேன்மா. வேல சரியில்ல, வந்து கூட்டிட்டுப் போங்கன்னு. அந்தக் கோவத்துல..."

திரும்பச் சிவகிரிக்குப் போன் போட்டார். உரக்கடையில் போன் கிடையாது, பக்கத்துக் கடையில்தான். அங்கிருந்தவர், அவர் அப்போதே பஸ் ஏறிட்டாரே என்றார்.

சாயங்காலம் அண்ணன் வந்தார், கையில் காலிப் பையோடு. மேலாளர் வாசலுக்கே எழுந்துபோய் எல்லாவற்றையும் சொன்னார். நானும் சொன்னேன். அவர் பொறுமையாக, முழுவதுமாக, முதல் தடவையாக ஒரு செய்தியைக் கடைசிவரை கேட்டார்.

"சந்தோசம் அண்ணாச்சி. எந் தங்கச்சி தப்பா செய்ய மாட்டான்னு எனக்குத் தெரியும்."

"பெறகென்ன தம்பி, பைய வச்சிட்டு காப்பி குடிங்க."

"நீங்க பேசுனது பக்கத்துக் கடை போன்ல. வேல சரியில்லைன்னு அவுக வாங்கி எனக்குச் சொன்னாவ. கடையில நின்ன நாலு பேரும் கேட்டாவ. அவுகளுக்கு இந்த மீதிய யாரு போய்ச் சொல்லுவா?"

"நான் வாரேன். நானே வந்து சொல்லுதேன்."

"அவுக அதுக்குள்ள வீட்டுக்குப் போயிருப்பாவ அண்ணாச்சி" என்றார். குரலில் கோபமே இல்லை. கோபம் இருந்திருந்தால் ஏதாவது செய்திருக்கலாம்.

செண்பகம் மறுத்துப் பேசிப் பார்த்தாள். சித்தி வீட்டுக்கு ஆள் அனுப்பலாம் என்றாள், அம்மாவிடம் கேட்கலாம் என்றாள். பிறகு, திறந்திருந்த ஒரு நோயாளியின் விவரத்தை அடித்து முடித்து, சேமித்து, திரையை அணைத்தாள். சாலைவரை கூடப் போனேன். சாரல் பொடிப்பொடியாக விழுந்துகொண்டிருந்தது.

"திங்கக்கெழம வந்துருவேன். ரெண்டு நாள்ல அண்ணனுக்கு ஆறிரும். ஏட்டி, ஒன்னு கேக்க மறந்துட்டேன். நிறுத்தி வைக்கோம்லா அந்த அரை எழுத்து, அதுக்கு மீதி வரவே இல்லைன்னா? கேபிள் நடுவுல அந்துபோச்சுன்னா? அப்போ என்ன செய்யும்?"

"யோசிக்கல."

"யோசி. திங்கக்கெழம பேசுவோம். பெறகு கோமு, நான் ஒங்கிட்ட ரொம்ப நாளா ஒன்னு—"

பஸ் வந்துவிட்டது. அண்ணன் படியில் நின்று, "ஏறுட்டி" என்றார். ஏறினாள். ஜன்னல் கம்பிக்குள்ளிருந்து கையசைத்து, திங்கட்கிழமை என்பதுபோல வாயசைத்தாள்.

திங்கட்கிழமை வந்தது. அவள் வரவில்லை. வயல்வரப்பில் இலஞ்சிப் பக்கமிருந்து வருகிற ஒவ்வொரு குடையையும் பார்த்துக்கொண்டிருந்தேன். மேலாளர் சொன்னபடி சிவகிரிக்குப் போய்விட்டு வந்து, கையை விரித்துக் காட்டிவிட்டு அறைக்குள் போனார். ஆவணிக்குள் கல்யாணம் முடிந்து, வடக்கே எங்கேயோ போய்விட்டதாகச் சித்தி சொன்னார். எந்த ஊர் என்று சித்திக்கே வாயில் நுழையவில்லை.

அவள் கேட்ட கேள்விக்கு அந்தத் திங்கட்கிழமைதான் பதில் எழுதினேன். இணைப்பு அறுந்து, கையில் அரை எழுத்து மிச்சமிருந்தால் என்ன செய்வது? சத்தமில்லாமல் எறிந்துவிடலாம், சென்னை நிரல் அதைத்தான் செய்தது. அதையே முழு எழுத்து என்று காட்டலாம், அது பொய். கேள்விக்குறி போட்டு மூடலாம். மறுநாள் யாராவது அதையே சேமித்துவிடுவார்கள். நான் மூன்றையும் செய்யவில்லை. இருப்பதை அப்படியே வைத்துக்கொண்டு, எழுத விடாமல், திரையில் ஒரு வரி மட்டும் காட்டச் சொன்னேன்.

அதற்குப் பிறகு எத்தனையோ கம்பெனி, எத்தனையோ மொழி, எத்தனையோ தரவுத்தளம். எங்கே கிளையண்ட் எழுதினாலும் அந்த வரியையும் எடுத்துக்கொண்டு போனேன். ரொம்ப நாளாக என்ன சொல்ல நினைத்தாள் என்று எனக்குத் தெரியாது. சின்ன விஷயமாகத்தான் இருக்கும். கடன் வாங்கிய ரிப்பனாக இருக்கலாம்.

உங்களுக்கு வேண்டுமானால் அந்த வரியை ஆங்கிலத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள், எனக்கு வருத்தமில்லை. அந்த இடத்தில் மிச்சத்தை அழிக்கும் வரியை மட்டும் சேர்த்துவிடாதீர்கள்.